இணையதளம் இருக்கிறது, வருமானம் இல்லை: அறிகுறியைக் கொண்டு பழுதைக் கண்டறியும் வழிமுறை

தமிழில் இணையதளம் தொடங்கியவர்கள் சில மாதங்களுக்குப் பிறகு சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: தளம் இருக்கிறது, விடாமல் எழுதுகிறோம், ஆனால் பணம் வரவில்லை. இந்த ஒரு குறைக்குப் பின்னால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல பழுதுகள் இருக்கக்கூடும். கடைமடைக்குத் தண்ணீர் வராதபோது விவசாயி தன் வயலிலேயே நின்று காரணம் தேடுவதில்லை. தலைமடையிலிருந்து வாய்க்கால் வழியே அடைப்பைப் பார்த்துக்கொண்டு வருகிறார். இங்கும் அதே வரிசையில்தான் பார்க்க வேண்டும். தளம் திறக்க வேண்டும், எழுத்து சரியாகத் தெரிய வேண்டும், கூகுள் அதைத் தன் பட்டியலில் சேர்க்க வேண்டும், விளம்பரத்துக்கு ஒப்புதல் கிடைக்க வேண்டும், விளம்பரம் திரையில் வர வேண்டும், சேர்ந்த தொகை வங்கிக்கு வந்து சேர வேண்டும். முந்தைய கட்டத்தில் அடைப்பு இருக்கும்போது பிந்தைய கட்டத்தைத் திருத்த முயல்வதால்தான் பலருடைய காலமும் காசும் வீணாகின்றன.

புதிதாகத் தொடங்குவோரில் பலரும் தளத்தைக் கட்டி நடத்த உதவும் வேர்டுபிரஸ் மென்பொருளையும், தளத்தில் விளம்பரம் காட்டிப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸையுமே தேர்ந்தெடுப்பதால், அவற்றை வைத்தே இந்த வழிமுறை எழுதப்பட்டுள்ளது. உங்கள் தளத்தில் காணும் அறிகுறிக்கு நேராகச் செல்லலாம். ஆனால் அதற்கு மேலுள்ள பகுதிகளில் சொன்ன பழுதுகள் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு செல்லுங்கள்.

அறிகுறி: முகவரியைத் தட்டினால் தளம் திறக்கவில்லை

பிரவுசர் காட்டும் செய்தியை வார்த்தை மாறாமல் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். சர்வரின் முகவரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற பொருளில் செய்தி வந்தால் பழுது டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) பக்கம் இருக்கிறது. வேர்டுபிரஸைத் தொட வேண்டாம். அண்மையில் வாங்கிய டொமைனாக இருந்தால், அந்தப் பெயர் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் நேம்சர்வர் மாற்றம் எங்கும் பரவுவதற்கு 24 முதல் 48 மணி நேரம் வரை ஆகலாம். இரண்டு வாரம் நன்றாக இயங்கிய தளம் திடீரென்று காணாமல் போனால், டொமைன் வாங்கும்போது கொடுத்த மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து பாருங்கள். டாட் காம் போன்ற பொது டொமைன்களில் உரிமையாளரின் தொடர்பு முகவரி 15 நாள்களுக்குள் உறுதிசெய்யப்பட வேண்டும் என்பது டொமைன் பெயர்களை நெறிப்படுத்தும் ஐகான் அமைப்பின் விதி. அந்த மின்னஞ்சலுக்கு மறுமொழி இல்லையென்றால் உங்களுக்கு டொமைனை விற்ற பதிவு நிறுவனம் அதை நிறுத்திவைக்கும். ஓராண்டு முடியும் தறுவாயில் மறைந்தால் புதுப்பிப்புக் கட்டணம் கட்டப்படவில்லை என்று பொருள். பதிவு நிறுவனம் தரும் சலுகை நாள்கள் முடிந்தபின் 30 நாள் மீட்புக் காலம் உண்டு; அப்போது மீட்க வழக்கமான கட்டணத்தைப் போலப் பல மடங்கு கேட்பார்கள். அதுவும் கடந்து 5 நாள் ஆனால் அந்தப் பெயரை எவர் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தளத்தை வடிவமைத்துக் கொடுக்கும் நண்பரோ நிறுவனமோ டொமைனைத் தம் பெயரில் பதிவுசெய்வதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். எல்லா உழைப்பும் அந்தப் பெயரில்தான் சேர்கிறது. அது உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் இருக்க வேண்டும்.

டேட்டாபேஸ் (கட்டுரைகள் சேமிக்கப்படும் இடம்) இணைப்பில் பிழை என்ற செய்தி வந்தால், சர்வரை மாற்றியபோது டேட்டாபேஸின் பெயரோ கடவுச்சொல்லோ வேர்டுபிரஸின் அமைவுக் கோப்பில் மாற்றப்படாமல் விடுபட்டிருக்கலாம். தளத்தில் முக்கியப் பிழை ஏற்பட்டுள்ளது என்ற செய்தியோ வெற்றுத் திரையோ வந்தால், கடைசியாகச் சேர்த்த அல்லது புதுப்பித்த பிளகின்மீதே (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) முதல் ஐயம் விழ வேண்டும். 2019இல் வந்த 5.2 பதிப்பு முதல், இத்தகைய நேரத்தில் நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு மீட்பு இணைப்பு ஒன்றை வேர்டுபிரஸ் அனுப்புகிறது. அது வரவில்லையென்றால், தளத்துக்குச் சர்வர் இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் ஃபைல் மேனேஜரில் ‘பிளகின்ஸ்’ கோப்புறையின் பெயரை மாற்றிவிட்டுத் தளத்தைத் திறந்து பாருங்கள். திறந்தால் குற்றவாளி அந்தக் கோப்புறைக்குள் இருக்கிறது; நிர்வாகப் பகுதியின் பிளகின் பக்கத்தை ஒருமுறை திறந்து எல்லாம் அணைந்தபின், பழைய பெயரை மீண்டும் கொடுத்துவிட்டு, பிளகின்களை ஒவ்வொன்றாக இயக்கி எது என்று கண்டுபிடிக்கலாம். ‘பாதுகாப்பற்றது’ என்ற எச்சரிக்கை மட்டும் வந்தால் தளத்துக்கும் வாசகருக்கும் இடையே பாதுகாப்பான இணைப்பு தரும் எஸ்எஸ்எல் சான்றிதழைப் பாருங்கள்: லெட்ஸ் என்கிரிப்ட் வழங்கும் இலவசச் சான்றிதழ் 90 நாள்களில் காலாவதியாகும், தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு நின்றுபோயிருக்கலாம்.

அறிகுறி: தமிழ் எழுத்துகள் சிதைந்து தெரிகின்றன

சிதைவு மூன்று வகைப்படும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் தலைமேல் குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக வந்தால், தரவு பத்திரமாக இருக்கிறது, படிக்கும் முறைதான் தவறு. டேட்டாபேஸ் இணைப்பின் எழுத்துக் குறிமுறையை யுடிஎஃப்-8க்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாக மாறியிருந்தால், பெரும்பாலும் சேமிக்கும்போதே தமிழ் அழிந்திருக்கும். அப்படி அழிந்திருந்தால் எந்த அமைப்பை மாற்றினாலும் திரும்ப வராது, பழைய பேக்கப் ஒன்றே வழி. ஆகவே தளத்தை வேறு சர்வருக்கு மாற்றியபின் கேள்விக்குறிகளைக் கண்டால், அதன்மேல் புதிதாக எதையும் எழுதாமல் பழைய சர்வரின் நகலை உடனே எடுத்துவையுங்கள்.

மூன்றாவது வகை உங்கள் கணினியில் தெரியவே தெரியாது. அச்சகத்திலும் பத்திரிகையிலும் பணியாற்றியவர்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து, அதை அப்படியே தளத்தில் ஒட்டுவது உண்டு. அந்த எழுத்துரு நிறுவப்பட்ட கணினியில் அது தமிழாகத் தெரியும். மற்றவர்களுக்கும் கூகுளுக்கும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடைத் தமிழக அரசு 2010இலேயே தரமாக ஏற்றுவிட்டது. பழைய எழுத்துருவில் உள்ள கட்டுரைகளை எழுத்துரு மாற்றி மூலம் யூனிகோடுக்கு மாற்றி, ஒற்றும் கொம்பும் இடம் மாறாமல் வந்திருக்கின்றனவா என்று ஒருமுறை படித்துப் பார்த்து ஏற்றுங்கள்.

அறிகுறி: தளம் நன்றாகத் திறக்கிறது, கூகுள் தேடலில் வரவில்லை

கூகுள் தேடலில் தளத்தின் நிலையைக் காட்டும் கருவியான சர்ச் கன்சோலில் தளத்தை இணைக்காமல் இந்தப் பழுதைக் கண்டறிய முயல்வது இருட்டில் தேடுவதாகும். அது இலவசம், முதல் நாளே இணைத்துவிட வேண்டும். பிறகு வேர்டுபிரஸில் ‘செட்டிங்ஸ்’, அதற்குள் ‘ரீடிங்’ பக்கத்துக்குச் சென்று, தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று சொல்லும் கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். தளத்தைக் கட்டும்போது பலரும் அதை டிக் செய்து வைக்கிறார்கள். திறப்பு நாளில் எடுக்க மறந்துவிடுகிறார்கள். மாதக்கணக்கில் வாசகரே வராத தளங்களில் நான் முதலில் பார்க்கும் இடம் இதுதான்.

அது சரியாக இருந்தால், சர்ச் கன்சோலின் யுஆர்எல் ஆய்வுக் கட்டத்தில் கட்டுரையின் முகவரியை இட்டு, என்ன நிலை காட்டுகிறது என்று பாருங்கள். ‘கண்டறியப்பட்டது, பட்டியலிடப்படவில்லை’ என்றால் பக்கம் இருப்பது கூகுளுக்குத் தெரியும், இன்னும் வந்து படிக்கவில்லை. புதிய தளத்துக்கு இது இயல்பானது. சைட்மேப் (தளத்திலுள்ள பக்கங்களின் பட்டியல்) சமர்ப்பித்து, பழைய கட்டுரைகளிலிருந்து புதியதற்கு இணைப்புக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். 5.5 பதிப்பிலிருந்து சைட்மேப்பை வேர்டுபிரஸே உருவாக்கிவிடுகிறது. ‘படிக்கப்பட்டது, பட்டியலிடப்படவில்லை’ என்பது இதைவிடக் கவலைக்குரிய நிலை. கூகுள் வந்து படித்தும் சேர்த்துக்கொள்ளவில்லை என்றால், அதே செய்தியைச் சொல்லும் பக்கங்கள் ஏற்கெனவே போதிய அளவு இருக்கின்றன என்றோ, பக்கத்தில் சொந்தச் சரக்கு குறைவு என்றோதான் பெரும்பாலும் கொள்ள வேண்டும். மீண்டும் மீண்டும் பட்டியலிடக் கோரும் பொத்தானை அழுத்துவதால் பயனில்லை. கட்டுரையைத் திருத்தி எழுதுவதுதான் வழி.

தமிழ்த் தளங்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. தலைப்பைத் தமிழில் எழுதினால் வேர்டுபிரஸ் அதிலிருந்து தமிழிலேயே பக்க முகவரியை உருவாக்குகிறது. ஆனால் உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியும் விழுக்காட்டுக் குறிகளோடு (%) 9 இடங்களாக விரிகிறது. முகவரிக்கு வேர்டுபிரஸ் தரும் இடம் 200 மட்டுமே. ஆகவே ஏறத்தாழ 22 குறிகளுக்கு மேல் வெட்டப்படும். மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்யின் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படும் என்பதால் 22 என்பது மிகக் குறுகிய இடம். ‘வீட்டுத் தோட்டத்தில் கத்தரி வளர்ப்பது எப்படி’ என்று தலைப்பிட்டால், முகவரி ‘வீட்டுத்-தோட்டத்தில்-கத்’ என்பதோடு நின்றுவிடும். அடுத்த வாரம் ‘வீட்டுத் தோட்டத்தில் கத்தரிச் செடிக்குப் பூச்சி விரட்டி’ என்று எழுதினால், அதுவும் அதே இடத்தில் வெட்டுப்பட்டு, வேறுபாடு காட்டுவதற்காக இறுதியில் 2 என்ற எண் ஒட்டிக்கொள்ளும். அந்த இணைப்பை வாட்ஸ்அப்பில் பகிரும்போது திரை நிறைய விழுக்காட்டுக் குறிகள் வருவதைப் பார்த்து, ஏதோ மோசடி இணைப்பு என்று அஞ்சி வாசகர் அதைத் தொடாமல் போவதும் நடக்கிறது. ஆகவே வெளியிடும் முன்பே முகவரிக் கட்டத்தில் இரண்டு மூன்று சொற்களில், ரோமன் எழுத்தில், கையால் எழுதிவிடுங்கள். தலைப்பும் கட்டுரையும் தமிழிலேயே இருக்கும். அதனால் தேடலில் இழப்பு இல்லை. ஏற்கெனவே வெளியாகி வாசகர் வந்துகொண்டிருக்கும் பக்கங்களின் முகவரியை மட்டும் அவசியமின்றி மாற்ற வேண்டாம்.

அறிகுறி: ஆட்சென்ஸ் விண்ணப்பம் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்படுகிறது

ஆட்சென்ஸ் 2018 பிப்ரவரியில் தமிழை ஏற்றுக்கொண்டது. எனவே தமிழ்த் தளம் என்பதற்காக நிராகரிக்கிறார்கள் என்ற பழைய எண்ணத்தை விட்டுவிடலாம். இத்தனை கட்டுரை வேண்டும், இத்தனை வாசகர் வேண்டும் என்று கூகுள் எந்த எண்ணையும் விதியாக வைக்கவில்லை. அத்தகைய எண்களைச் சொல்லி ஒப்புதல் வாங்கித் தருவதாகப் பணம் கேட்பவர்களையும், ஒப்புதல் பெற்ற கணக்கை விற்பவர்களையும் நம்பவே கூடாது. கணக்கைப் பிறருக்கு மாற்ற விதி இடம் தருவதில்லை. அப்படி வாங்கிய கணக்கு முடக்கப்பட்டால் அதில் சேர்ந்த பணத்தையும் கேட்க வழியிருக்காது.

நிராகரிப்புக் கடிதத்தில் உள்ள காரணத்தைப் பாருங்கள். தளம் இயங்கவில்லை என்று இருந்தால், விண்ணப்பித்த முகவரியும் உண்மையில் திறக்கும் முகவரியும் ஒன்றா என்றும், பாதுகாப்புப் பிளகின் கூகுளின் வருகையைத் தடுக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கணக்கு ஏற்கெனவே உள்ளது என்று இருந்தால், முன்பு யூடியூபுக்காகவோ வேறு தளத்துக்காகவோ உங்கள் பெயரில் தொடங்கிய கணக்கு இருக்கும்; ஒருவருக்கு ஒரு கணக்குதான். 18 வயது நிறையாதவர்கள் பெற்றோரின் பெயரில் விண்ணப்பிக்கலாம்.

பெரும்பாலோர் சந்திப்பது ‘குறைந்த மதிப்புள்ள உள்ளடக்கம்’ என்ற காரணம். நாளிதழ்ச் செய்தியை வரி மாற்றி எழுதியவை, திரைப்படப் பாடல் வரிகளின் தொகுப்பு, ஆங்கிலக் கட்டுரையை இயந்திரத்தில் இட்டு மொழிபெயர்த்தவை, அரசு வேலைவாய்ப்பு அறிவிப்பை அப்படியே ஒட்டியவை ஆகியவை நிறைந்த தளங்கள் இதில் சிக்குகின்றன. தேடலில் இடம்பிடிப்பதற்காகவே பக்கங்களைக் குவிப்பதை, அது மனிதர் எழுதியதாயினும் இயந்திரம் எழுதியதாயினும், 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பேம் (குப்பை உள்ளடக்கம்) விதிகளில் வெளிப்படையாகச் சேர்த்தது. இத்தகைய தளத்தில் ‘எங்களைப் பற்றி’, ‘தனியுரிமைக் கொள்கை’ ஆகிய பக்கங்களைச் சேர்த்துவிட்டு மறுபடி விண்ணப்பிப்பது போதாது. தனியுரிமைக் கொள்கை கட்டாயம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் அது நிராகரிப்புக்கு முதன்மைக் காரணமாக இருப்பது அரிது. ஒட்டிய பக்கங்களை நீக்குங்கள். உங்களுக்குக் கைவந்த ஒரு துறையைத் தேர்ந்து, நீங்கள் எடுத்த படங்களோடு, நீங்கள் செய்து பார்த்த அளவுகளோடு எழுதுங்கள். கத்தரிச் செடியின் தண்டுத் துளைப்பான் தாக்கிய நுனியைப் பிளந்து எடுத்த ஒரு படமும், எந்த நாளில் என்ன தெளித்தீர்கள் என்ற குறிப்பும் உள்ள ஒரு பக்கம், ஒட்டி நிரப்பிய நூறு பக்கங்களைவிட வாசகருக்கும் பயன்படும், ஒப்புதலுக்கும் உதவும். பிறகு சில வாரங்கள் விட்டு விண்ணப்பியுங்கள்.

அறிகுறி: ஒப்புதல் கிடைத்தும் விளம்பரம் தெரியவில்லை

உங்கள் பிரவுசரில் விளம்பரத் தடுப்பான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வேறொருவரின் கைப்பேசியில் தளத்தைத் திறந்து பாருங்கள். அங்கும் இல்லையென்றால், தளத்தின் வேர்க் கோப்புறையில், இந்தத் தளத்தில் விளம்பரம் விற்க யாருக்கு உரிமை என்று சொல்லும் ‘ஆட்ஸ் டாட் டெக்ஸ்ட்’ (ads.txt) கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதில் உள்ள 16 இலக்க வெளியீட்டாளர் எண் ஆட்சென்ஸ் கணக்கில் உள்ளதோடு இலக்கம் பிசகாமல் பொருந்த வேண்டும். கோப்பை ஏற்றியபின் நிலை மாறச் சில நாள்கள் ஆகும். தளத்தை வேகமாக்கும் கேச் பிளகின், ஜாவாஸ்கிரிப்டைத் தாமதமாக இயக்கும் வசதியால் விளம்பர நிரலையும் நிறுத்திவைப்பது உண்டு. அந்த வசதியிலிருந்து ஆட்சென்ஸுக்கு விலக்குக் கொடுங்கள்.

கணக்கில் விளம்பர வரம்பு விதிக்கப்பட்டிருப்பதாக அறிவிப்பு வந்தால், வருகையாளர்கள் உண்மையானவர்களா என்று கூகுள் பார்த்துக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் 30 நாள்களுக்குள் நீங்கும். இதற்கிடையில் குடும்பத்தினரிடமும் நண்பர்களிடமும் விளம்பரத்தைத் தட்டச் சொல்வது, காசு கொடுத்து வருகையை வாங்குவது ஆகியவை கணக்கையே முடித்துவிடும். உங்கள் விளம்பரத்தை நீங்கள் சோதனைக்காகக்கூடத் தட்டக் கூடாது.

லண்டன், பாரிஸ், சூரிச் போன்ற ஊர்களில் வாழும் தமிழர்கள் உங்கள் வாசகர்களாக இருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியிலும் பிரிட்டனிலும் 2024 ஜனவரி 16 முதலும், சுவிட்சர்லாந்தில் அதே ஆண்டு ஜூலை இறுதி முதலும், வாசகரின் தரவைப் பயன்படுத்த அவரிடம் ஒப்புதல் கேட்கும், கூகுளின் சான்று பெற்ற சாளரம் தளத்தில் இருக்க வேண்டும் என்று கூகுள் கோருகிறது. அது இல்லையென்றால் அங்கிருந்து வரும் வாசகர்களுக்கு விளம்பரம் குறைவாகவே காட்டப்படும். ஆட்சென்ஸுக்குள் தனியுரிமைச் செய்திகளுக்கான பக்கத்தில் கூகுளின் சொந்தச் சாளரத்தையே கட்டணமின்றி அமைத்துக்கொள்ளலாம்.

அறிகுறி: வாசகர் வருகிறார்கள், வருமானம் மிகக் குறைவு

இதைப் பிரித்துப் பார்க்க ஆர்பிஎம் என்ற எண் உதவும்: ஆயிரம் பக்கப் பார்வைக்குக் கிடைத்த தொகை அது. எடுத்துக்காட்டாக, 10,000 பார்வைக்கு 400 ரூபாய் வந்தால் ஆர்பிஎம் 40 ரூபாய். வருமானம் குறைந்த மாதத்தையும் முந்தைய மாதத்தையும் அருகருகே வைத்து, பார்வை குறைந்ததா, ஆர்பிஎம் குறைந்ததா என்று முதலில் பாருங்கள். பார்வை குறைந்திருந்தால் விளம்பர இடங்களை மாற்றிப் பயனில்லை. சர்ச் கன்சோலில் எந்த நாளில், எந்தப் பக்கங்களில் சரிவு தொடங்கியது என்று தேட வேண்டும். எல்லாப் பக்கங்களும் ஒரே நாளில் சரிந்திருந்தால், அந்த நாளையொட்டிக் கூகுள் தன் முதன்மைத் தேடல் முறையில் மாற்றம் அறிவித்திருக்கிறதா என்றும், ‘மேனுவல் ஆக்‌ஷன்’ பக்கத்தில், அதாவது கூகுள் ஊழியர் தளத்துக்கு விதித்த தண்டனைகளைக் காட்டும் இடத்தில், ஏதும் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆர்பிஎம் மட்டும் குறைந்திருந்தால், மாதத்தைக் கவனியுங்கள்: தீபாவளியையொட்டி உயரும் விளம்பர விலை ஜனவரியில் இறங்குவது வழக்கம். நாடுவாரிப் பட்டியலையும் பாருங்கள். கனடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரும் ஒரு பார்வைக்கும் இந்தியாவிலிருந்து வரும் ஒரு பார்வைக்கும் விளம்பரதாரர் தரும் விலை பெரிதும் வேறுபடும். வெளிநாட்டு வாசகர் குறைந்தால் மொத்தப் பார்வை மாறாமலேயே வருமானம் இறங்கும். பக்கம் திறக்கத் தாமதமாவதும் விளம்பரம் தெரியுமுன் வாசகரைத் திருப்பி அனுப்பிவிடும். முதன்மைப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. கைப்பேசியில் எடுத்த படத்தைச் சுருக்காமல் அப்படியே ஏற்றுவதே இதில் முதல் குற்றம்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் தொகை சிறிதாகவே இருந்தால், அதைப் பழுது என்று கருத வேண்டாம். தமிழில் விளம்பரம் செய்வோர் ஆங்கிலத்தைவிடக் குறைவு. ஏலத்தில் போட்டி குறைந்தால் விலையும் குறையும். என் கருத்தில், தமிழ்த் தளம் ஆட்சென்ஸை மட்டும் நம்பி நிற்கக் கூடாது. தோட்டக்கலைத் தளம் நடத்துபவர், விதையும் தொட்டியும் விற்கும் நாற்றுப் பண்ணையிடம் மாதக் கட்டணத்துக்கு நேரடி விளம்பரம் கேட்கலாம். தேடலில் வரும் வாசகர் எண்ணிக்கையைச் சர்ச் கன்சோல் அறிக்கையோடு காட்டினால் பேச்சு எளிதாகும். பொருள் பரிந்துரைத்துத் தரகு பெறும் திட்டங்களும் உண்டு. அமேசான் திட்டத்தில் சேர்ந்தபின் 180 நாள்களுக்குள் 3 விற்பனை நடக்கவில்லையென்றால் கணக்கு மூடப்படும் என்பதால், வாசகர் வரத் தொடங்கியபின் சேருங்கள். ஓர் இணைப்பு காசு பெற்றுக்கொண்டு கொடுத்தது என்பதைக் கூகுளுக்குத் தெரிவிக்க, இணைப்பின் நிரலில் சேர்க்கும் ‘ஸ்பான்சர்டு’ என்ற குறி இருக்கிறது. வாசகருக்கும் தெரிவிக்க வேண்டும்: பரிந்துரைப்பவருக்கும் விற்பவருக்கும் உள்ள பொருளியல் தொடர்பை வெளிப்படுத்த வேண்டும் என்று இந்திய அரசு 2022இல் வெளியிட்ட விளம்பர வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன.

அறிகுறி: ஆட்சென்ஸ் கணக்கில் பணம் காட்டுகிறது, வங்கிக்கு வரவில்லை

10 டாலர் சேர்ந்ததும் நீங்கள் கொடுத்த முகவரிக்கு, அதை உறுதிசெய்வதற்கான ஒரு பின் (PIN) எண் சாதாரணத் தபாலில் அனுப்பப்படும். வருவதற்கு 2 முதல் 4 வாரம் ஆகலாம். பதிவுத் தபால் அன்று என்பதால் அஞ்சல்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. கதவு எண், தெரு, அஞ்சல் குறியீடு ஆகியவற்றை ஆங்கிலத்தில் முழுமையாகக் கொடுத்திருக்க வேண்டும். முதல் பின் உருவான நாளிலிருந்து 4 மாதத்துக்குள் அதை உள்ளிடாவிட்டால் தளத்தில் விளம்பரம் நின்றுவிடும். ஆகவே கடிதம் வராவிட்டால் காலம் கடத்தாமல் மறுமுறை கேளுங்கள்.

பின் உள்ளிட்ட பிறகும் இருப்பு 100 டாலரைத் தொட்டால்தான் பணம் அனுப்பப்படும். ஒரு மாதக் கணக்கு அடுத்த மாதம் 3ஆம் தேதியையொட்டி முடிவாகி, 21 முதல் 26ஆம் தேதிக்குள் அனுப்பப்படுகிறது. செல்லாத கிளிக்குகளுக்கான கழிவு இதற்குள் நடப்பதால், மதிப்பிட்ட தொகையைவிட இறுதித் தொகை குறையலாம். அதற்குப் பிறகும் வரவில்லையென்றால், வரித் தகவல் படிவம் நிரப்பாமல் விடப்பட்டிருக்கிறதா என்று கொடுப்பனவுப் பக்கத்தில் பாருங்கள். அடுத்து, கணக்கில் உள்ள பெயரும் வங்கிப் புத்தகத்தில் உள்ள பெயரும் முதலெழுத்து உட்பட ஒன்றாக இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பணம் பெறத் தேவையான ஸ்விஃப்ட் குறியீடு பல கிளைகளுக்குச் சொந்தமாக இருக்காது. உள்நாட்டுப் பரிமாற்றத்துக்கான ஐஎஃப்எஸ்சி எண்ணை அந்த இடத்தில் எழுதாமல், வெளிநாட்டுத் தொகையை எந்தக் கிளை வழியாகப் பெறுகிறார்கள் என்று மேலாளரிடம் கேட்டு அதன் குறியீட்டைக் கொடுங்கள்.

முதன்முறை தொகை வரும்போது, அது எதற்காக வந்தது என்று வங்கி கேட்கும்; விளம்பரச் சேவைக்கான வருவாய் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பதில் தராமல் விட்டால் பணம் கிளையிலேயே நிற்கும், சில நாள்களில் திரும்பியும் போகலாம். தமிழ்நாட்டில் சேவை வழங்குவோருக்கு ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு தேவைப்படும்; அதற்குக் கீழிருந்தாலும் இந்த வருவாயை வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். வங்கி தரும் வெளிநாட்டு வரவுச் சான்றை ஒவ்வொரு மாதமும் கேட்டு வாங்கி, ஆட்சென்ஸின் கொடுப்பனவு ரசீதோடு சேர்த்துக் கோப்பில் வைத்து, மார்ச் முடிந்ததும் ஆடிட்டரிடம் கொடுங்கள்.